ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடம்? கம்பம் பள்ளத்தாக்கின் தொடக்கப் பள்ளி வகுப்பறைகள்

தொடக்கக் கல்வி பற்றி நாம் பேசத் தொடங்கினால் பேச்சு பாடத்திட்டத்துக்கோ தேர்வுக்கோ ஆங்கில வழிக்கோ போய்விடுகிறது. காலை ஒன்பது மணிக்கு மணியடித்ததிலிருந்து மாலை நாலு மணி வரை இரண்டாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்கிறது, அதன் பக்கத்தில் ஆசிரியர் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்கிறது. களம் தேனி மாவட்டம், அதிலும் கம்பம் பள்ளத்தாக்கு. கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் வந்த கற்பித்தல் முறைகள் எல்லாம் இந்தப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தன. அவற்றால் பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது என்ன, இனிச் செய்ய வேண்டியது என்ன என்று வரிசையாகப் பார்க்கலாம்.

பள்ளத்தாக்கும் அதன் காலைப் பொழுதும்

1996-இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் ஐந்து வட்டங்களும் எட்டு ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. கூடலூரில் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி நோக்கி விரியும் சமவெளிக்கு உயிர் கொடுப்பது 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர். இரண்டு போகம் நெல், வாழை, தென்னை, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை என்று பச்சை குறையாத பூமி. அந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஆண்டிபட்டியும் கடமலை-மயிலாடும்பாறைப் பகுதியும் வேறு மாதிரி. அங்கே மானாவாரிக் காடு, இலவம் பஞ்சு, ஆடு மாடு. சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் நெசவு.

பள்ளத்தாக்கில் பொழுது விடிவது ஜீப்புச் சத்தத்தில்தான். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், விடிகிற நேரத்திலேயே ஏறிவிடுகிறார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் இறங்குகிறார்கள். பிள்ளையை எழுப்பி, தலைசீவி, பள்ளிக்கு அனுப்புவது அப்பத்தாவோ அம்மாச்சியோ மூத்த அக்காவோதான். வீட்டில் பாடம் சொல்லித் தர ஆள் இருக்கும் என்று எண்ணி வகுக்கப்படும் எந்தத் திட்டமும் இந்த வீடுகளுக்குப் பொருந்தாது. இங்கே பிள்ளை படிப்பதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்தான்.

பள்ளிக்கூடங்களும் ஒரே குடையின் கீழ் வந்தவை அல்ல. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள் உண்டு, நகராட்சிப் பள்ளிகள் உண்டு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உண்டு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்த மக்களுக்காக 1920-களில் தொடங்கப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களைப் போலத் தேனியிலும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கத்தோலிக்கத் திருச்சபையும், தேனி நகரில் மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறையும் நெடுங்காலமாகப் பள்ளி நடத்திவருகின்றன. இவற்றுக்கு மேல், மஞ்சள் வேன் ஓட்டும் தனியார் நர்சரிகள். பாடநூல் ஒன்றாக இருந்தாலும், காலிப்பணியிடம் நிரப்பும் துறையும் மேற்பார்வை செய்யும் அலுவலரும் பள்ளிக்குப் பள்ளி வேறு. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பள்ளிகளில் ஒன்றில் ஆசிரியர் இருப்பதும் மற்றொன்றில் மாதக்கணக்கில் நாற்காலி காலியாகக் கிடப்பதும் இதனால்தான்.

எல்லா முறைகளுக்கும் பின்னால் உள்ள கணக்கு

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 61-இலிருந்து 90 வரை மூன்று பேர். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதாவது நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்.

பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் மிகுதியாக இருப்பவை ஈராசிரியர் பள்ளிகள். அங்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என நான்கு பாடங்கள். மூன்று முதல் ஐந்து வரை அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனியாகச் சேர்ந்து ஐந்து பாடங்கள். ஐந்து வகுப்புக்கும் கூட்டினால் 23. இரண்டு ஆசிரியரின் நான்கு மணி நேரங்களும் சேர்ந்து 480 நிமிடம். வகுத்தால் ஒரு வகுப்பின் ஒரு பாடத்துக்கு ஒரு நாளில் 21 நிமிடம்கூட முழுதாக இல்லை. ஓர் ஆசிரியர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருக்கும் நாளில் அது பத்து நிமிடமாகிறது. மூன்றாவது ஆசிரியர் ஒருவர் வந்தால் 31 நிமிடமாக உயர்கிறது.

மீதி நேரத்தில் பிள்ளை என்ன செய்யும்? பழைய வகுப்பறைகளில் கரும்பலகையைப் பார்த்து எழுதும், வாய்ப்பாடு ஒப்பிக்கும், அல்லது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத அந்த நேரத்தையும் படிக்கும் நேரமாக ஆக்க முடியுமா? இரண்டு நூற்றாண்டுகளாக வந்த முறைகள் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதிலாகவே படிக்க வேண்டும்.

திண்ணையிலிருந்து ஏணிப்படி வரை

முதல் பதில் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலேயே இருந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகிய காலத்தில், வாத்தியார் ஒருவர் பல வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தேர்ந்தவனைச் சட்டாம்பிள்ளையாக்கி இளையவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் இந்த ஊர் வழக்கங்களைக் கண்டு தன் பள்ளியில் கையாண்டார். 1797-இல் அதை நூலாக்கினார். இங்கிலாந்தில் அது மதராஸ் முறை என்ற பெயரிலேயே பரவியது. பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் வழி இந்த மண்ணிலிருந்து வெளியே போனது என்பதை நம் ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

இரண்டாம் பெரிய பதில் செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் அன்றைய சித்தூர் மாவட்டத்து ரிஷி வேலி பள்ளியின் கிராமக் கல்விப் பணியில் உருவான அட்டை முறையைப் பின்பற்றி, ஆணையர் எம்.பி. விஜயகுமார் காலத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கப்பட்டது. 2007-08-இல் மாநிலம் முழுதும் விரிந்தது. ஒவ்வொரு பாடமும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு ஓர் ஏணிப்படியில் வைக்கப்பட்டது. படிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு சின்னம். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, அட்டையைத் தானே எடுத்து, அந்தச் சின்னத்துக்குரிய குழுவில் போய் உட்காரும். சில குழுக்களில் ஆசிரியர் முழுதாக உடனிருப்பார், சிலவற்றில் சக மாணவர் துணை, சிலவற்றில் பிள்ளை தனியே. சுவரோடு சுவராகப் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. சுய வருகைப் பதிவு, காலநிலை அட்டவணை, நகம் வெட்டியாயிற்றா, பல் தேய்த்தாயிற்றா என்று பார்க்கும் ஆரோக்கியச் சக்கரம், பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், இவை எல்லாம் அந்தக் காலத்தின் வரவுகள்தான்.

ஏறக்குறைய இதே கேள்விக்குக் கொலம்பியாவின் கிராமங்கள் 1970-களிலேயே ஒரு பதில் கண்டிருந்தன. விக்கி கோல்பெர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கிய எஸ்குவேலா நுவேவா, அதாவது புதிய பள்ளி என்ற முறை, பல வகுப்புகளை ஓரிரு ஆசிரியர்கள் சேர்த்து நடத்தும் பள்ளிகளுக்காகவே பிறந்தது. வழிகாட்டி ஏடுகளைக் கொண்டு பிள்ளைகள் தம் வேகத்தில் படித்தார்கள். அங்கே காப்பித் தோட்ட மலைகள், இங்கே ஏலத் தோட்ட மலைகள். சிதறிய ஊர், சின்னப் பள்ளி, தோட்டக் கூலிப் பெற்றோர் என்ற நிலைமையில் பெரிய வேறுபாடு இல்லை.

செயல்வழிக் கற்றல் பள்ளத்தாக்குக்குக் கொடுத்த பெரிய நன்மை ஒன்று உண்டு. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி அது. தோட்டத்தில் காய்ப் பருவத்துக்குத் தாய் தகப்பனோடு மலையேறி இரண்டு வாரம் தங்கிவிட்டு வரும் பிள்ளை, புத்தக முறையில் வகுப்போடு சேரவே முடியாது. ஏணிப்படியில் அது நின்ற படியில் மறுபடி ஏறிக்கொள்ளும். மழையாலும் யானைப் பயத்தாலும் வர முடியாமல் போகும் மலைக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தியது.

குறைகளும் கண்கூடாகத் தெரிந்தன. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, மாற்று அட்டை வரத் தாமதமாயிற்று. ஆசிரியர் துணை வேண்டிய குழுவில் ஒரே நேரத்தில் பதினைந்து பேர் குவிந்தால், முறை எப்படியிருந்தாலும் காத்துக் கிடக்கத்தான் வேண்டும். புத்தகமும் வீட்டுப் பாடமும் கண்ணில் படாததால் பெற்றோருக்கு நம்பிக்கை குறைந்தது. பக்கத்துத் தெரு நர்சரிப் பிள்ளை பை நிறையப் புத்தகம் சுமந்து போவதைப் பார்த்தவர்கள், நம் பிள்ளை விளையாடிவிட்டு வருகிறது என்று நினைத்தார்கள். 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பாடநூல் மறுபடி நடுவிடம் பிடித்தது. எளிமைப்படுத்தப்பட்ட வடிவத்தில் அட்டைகள் சில காலம் தொடர்ந்து, பிறகு பல பள்ளிகளில் அலமாரிக்குள் போயின.

இழந்த பத்தொன்பது மாதங்கள்

கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி பாடம் ஒளிபரப்பியது. ஆனால் வீட்டில் உள்ள ஒரே கைப்பேசியும் தோட்டத்துக்குப் போய்விடும் குடும்பங்களில் ஆறு வயதுப் பிள்ளை எதைப் பார்க்கும்? முதல் வகுப்பையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்த பிள்ளைகள் அந்த நவம்பரில் எல்லாப் பள்ளிகளிலும் இருந்தார்கள்.

அளவும் அதையே சொல்கிறது. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் ஆய்வுப்படி, தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் 100-க்குச் சுமார் 40 பேர். 2022-இல் அது சுமார் 25 ஆயிற்று. 2024-இல் மீண்டும் ஏறத் தொடங்கியது. பெருந்தொற்றுக்கு முன்பும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளால் வாசிக்க முடியவில்லை என்பதை இந்த எண்களில் சேர்த்துப் படிக்க வேண்டும். நோய் ஒரு பழைய குறையைப் பெரிதாக்கியது, அவ்வளவே.

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் அந்தந்தத் தெருவின் படித்த பெண்களையே தன்னார்வலர்களாக்கியது. சாயங்காலம் ஜீப்பு இறங்கும் நேரத்தில் கோயில் மண்டபத்திலும் வீட்டு முற்றத்திலும் பிள்ளைகள் கூடினார்கள். 1990-களின் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த பொருளியல் ஆய்வு ஒன்று, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டது. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு அந்தத் தெருவின் பெண் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்ததே இவ்வளவு பலன் தந்தது. நேரத்தின் மதிப்புக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அரும்பு, மொட்டு, மலர்

இப்போது நடப்பில் உள்ள பெரிய பதில் எண்ணும் எழுத்தும். 2022 ஜூன் 13-இல் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் 2025-க்குள் வழி செய்வது அதன் இலக்காக இருந்தது. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி 2023-24-இல் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. வயது, வகுப்பு பார்க்காமல் பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். வட இந்தியாவில் பிரதம் அமைப்பு பல ஆண்டுகளாகச் செய்துகாட்டிய, ஆப்பிரிக்க நாடுகள் சிலவும் எடுத்துக்கொண்ட நிலைக்கேற்ற கற்பித்தலின் கருத்தும் இதுவே.

முன்பு போட்ட கணக்கை இங்கே மறுபடி போடலாம். ஒன்று முதல் மூன்று வரை ஓர் ஆசிரியர் சேர்த்து நடத்தும் அறை. முதலில் பாட்டும் கதையும், எல்லாருக்கும் பொது. பிறகு தமிழுக்கு ஒரு மணி நேரம். அதில் நிலைக்கு இருபது நிமிடம் ஆசிரியர் நேரடியாக உட்காருகிறார். மற்ற நாற்பது நிமிடத்துக்கும் பிள்ளையின் கையில் பயிற்சி நூல் இருக்கிறது, சொல் அட்டை இருக்கிறது, கூட்டாளி இருக்கிறது. கிடைக்கும் நிமிடங்களின் எண்ணிக்கை பெரிதாக உயரவில்லை. ஆனால் கிடைத்த இருபது நிமிடமும் அந்தப் பிள்ளையின் நிலைக்கே போகிறது. இந்த முறையின் உண்மையான பலம் இதுதான். வண்ணத் தாளும் விரல் பொம்மையும் அதற்கு அடுத்தவை.

ஒரு கணக்குப் பாடத்தை அருகில் இருந்து பார்ப்போம். 42-இலிருந்து 17-ஐக் கழிக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் வகுப்பில் மிகுதியாக வரும் தவறான விடை 35. பிள்ளை கவனமில்லாமல் போட்ட விடையன்று அது. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று பார்த்து, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதிவிட்டு, நான்கில் ஒன்று போக மூன்று என்று முடித்திருக்கிறது. அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சிவப்பு மையில் தவறென்று கிழித்தால் அந்த ஒழுங்கு அப்படியே தங்கிவிடும். தென்னங்கீற்று ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நாலு கட்டும் இரண்டு உதிரியும் பிள்ளையின் முன் வைத்து, “இதில் பதினேழை எனக்குக் கொடு பார்ப்போம்” என்று ஆசிரியர் கேட்கிறார். பிள்ளை ஒரு கட்டைக் கொடுக்கிறது. ஏழு உதிரி வேண்டும், கையில் இருப்பது இரண்டு. சற்று நேரம் ஆசிரியரின் முகத்தையே பார்க்கிறது. பிறகு தானே ஒரு கட்டை அவிழ்க்கிறது. மிஞ்சியது இரண்டு கட்டு, ஐந்து உதிரி. பக்கத்தில் கடன் வாங்கு என்று வாயால் பத்து முறை சொன்னாலும் ஏறாத ஒன்று, கட்டை அவிழ்த்த அந்த நொடியில் ஏறிவிடுகிறது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. பள்ளத்தாக்கில் தென்னைக்கும் பஞ்சமில்லை. தேவைப்பட்டது ஆசிரியர் அவசரப்படாமல் காத்திருந்த சில நிமிடங்கள்.

எழுத்துக்கும் இதே கதைதான். தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்தினாலும் பிள்ளை உண்மையில் கற்பது 12 உயிர், 18 மெய், ஆய்தம், பிறகு உயிர்மெய்க் குறிகளின் ஒழுங்கு. செயல்வழிக் கற்றல் நாட்களில் நேர்கோட்டு வடிவில் எளிதாக எழுத வரும் ட, ப, ம போன்ற எழுத்துகளை முதலில் கொடுத்து, சில நாட்களிலேயே படம், பட்டம், மடம் என்று சொல் வாசிக்க வைத்தார்கள். எழுதத் தெரிந்த மூன்று எழுத்தில் ஒரு சொல் பிறப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு வாசிப்பின் மேல் ஆசை வந்துவிடும். சிக்கல் கொம்பிலும் காலிலும் தொடங்குகிறது. கெ, கே, கொ, கோ நான்கையும் மாற்றி வாசிப்பதும், துணைக்காலையும் ரகரத்தையும் குழப்புவதும், ன, ண, ந வேறுபாடு காதில் விழாததும் எல்லா வகுப்பிலும் உண்டு. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் இடறுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே, சத்தமாக, வாரம் ஒரு முறையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வகுப்பே சேர்ந்து ராகம் போட்டு ஒப்பிக்கும்போது வாசிக்கத் தெரியாத குரல் மற்ற குரல்களுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஊர் எப்போது பாடமாகும்?

நல்ல வகுப்பறை வாசலுக்கு வெளியே இருப்பதை உள்ளே கொண்டுவரும். இந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு வஞ்சனையில்லை. ஆண்டுக்கு மூன்று முறை வரை காய்க்கும் திராட்சைக் கொடியை வைத்துப் பருவங்களையும் மாதங்களையும் கற்பிக்கலாம். போடி ஏலக்காயின் தரம் பிரிக்கும் சல்லடையை வைத்துப் பெரிது சிறிது, வரிசைப்படுத்தல் கற்பிக்கலாம். சந்தையில் கிலோ விலையும் அரைக் கிலோ விலையும் ஐந்தாம் வகுப்பின் பின்னக் கணக்கு. அம்மா ஜீப்பில் போய் வரும் பாதையை வரைந்தால் நான்காம் வகுப்பின் வரைபடப் பாடம் முடிந்தது. சுருளியாறும் முல்லையாறும் வைகையும் எங்கே சேர்கின்றன என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். நைல் நதியின் நீளம் பிறகு வரட்டும்.

சில பிள்ளைகளுக்கு இந்த இணைப்பு இன்னும் முக்கியம். கம்பம், போடிப் பகுதிகளில் பல தலைமுறைகளாகக் கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. தெருவில் தமிழ் பழகிவிடுவதால் இந்தப் பிள்ளைகள் எளிதில் சேர்ந்துகொள்கிறார்கள். சிரமப்படுவது பளியர் பழங்குடிப் பிள்ளைகள். வருசநாட்டு மலையிலும் போடி மலையடிவாரத்திலும் மேகமலைப் பக்கமும் உள்ள அவர்களது குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைக்குக் காட்டைப் பற்றித் தெரிந்தது ஆசிரியருக்கும் தெரியாது. தேன் எடுக்கும் பருவமும் கிழங்கின் இலையடையாளமும் அறிந்த பிள்ளை, வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். அதை மந்தம் என்று குறித்துக்கொள்வது அநியாயம். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து பாடம் தொடங்கினால் முதலில் பேசுவது அதுவாகத்தான் இருக்கும்.

காலைச் சாப்பாடு கற்றலின் பகுதி

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரக நிதியுதவிப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நலத்திட்டம் என்று மட்டும் கணக்கில் வைப்பது போதாது. தாய் விடியுமுன் ஜீப்பு ஏறிவிடும் வீட்டில் பிள்ளை முந்தின இரவுச் சோற்றையோ கடை வடையையோ தின்றுவிட்டோ, ஒன்றும் தின்னாமலோ வந்த நாட்கள் உண்டு. முதல் பாடவேளை என்பது பசி தாங்கும் வேளையாக இருந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் வந்த பிறகு அந்த வேளை பாடத்துக்குத் திரும்பியது. சாப்பாட்டுக்காகப் பிள்ளை முன்கூட்டியே வருவதால் வாசிப்பு மூலையில் புத்தகம் புரட்டவும் நேரம் கிடைக்கிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. காலை உணவு வந்த பிள்ளையின் முதல் ஒரு மணி நேரத்தை மீட்டுக்கொடுத்தது.

நேரத்தைத் தின்பவை

ஒரு பக்கம் இப்படி மீட்கும் நேரம் இன்னொரு பக்கம் கரைகிறது. வருகைப் பதிவு செயலியில், காலை உணவு எண்ணிக்கை செயலியில், நலத்திட்டப் பொருள் வழங்கியது கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில், மதிப்பீட்டு விவரம் மறுபடி செயலியில். மலைப் பள்ளிகளில் இணைய இணைப்பு தேடி ஆசிரியர் வாசலுக்கும் மரத்தடிக்கும் நடக்க வேண்டும். நான்கு மணி நேரத்தில் அரை மணி நேரம் இதற்குப் போனால், ஆண்டுக்கு 800-இல் 100 மணி நேரம் போயிற்று. ஆசிரியர் இயக்கங்கள் 2023-இல் இதையே ஒரு கோரிக்கையாக வைத்துப் போராடின. பதிவு தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதை வகுப்பு நேரத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியதில்லை என்பதே கோரிக்கை.

பயிற்சிகளும் அப்படித்தான். உத்தமபாளையத்தில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமும் வட்டார வளமையங்களும் குறுவளமையக் கூட்டங்களும் தேவையானவை. மற்ற ஆசிரியர்கள் கண்டுபிடித்ததைத் தெரிந்துகொள்ள அவைதாம் வாய்ப்பு. ஆனால் ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவரை வேலை நாளில் அழைத்தால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிறார். பாடம் பத்து நிமிடமாகச் சுருங்குவது அந்த நாட்களில்தான்.

மதிப்பீட்டின் மேல் வரும் அழுத்தமும் தனியே பேசப்பட வேண்டியது. அரும்பிலிருந்து மொட்டுக்கு எத்தனை பேர் உயர்ந்தார்கள் என்ற எண், ஆசிரியரை எடைபோடும் எண்ணாக மாறினால், காகிதத்தில் பிள்ளைகள் உயர்ந்துவிடுவார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளை மலரில் உட்கார்ந்திருக்கும். நிலை பார்ப்பது அடுத்த வாரம் யாருக்கு எதைச் சொல்லித்தருவது என்று ஆசிரியர் தீர்மானிப்பதற்காக. அந்தப் பயனைத் தாண்டி அதை எடுத்துச் சென்றால் முறையின் அடிவேரே அழுகிவிடும்.

முடிவாக

இதுவரை பார்த்ததிலிருந்து ஒன்று தெளிவாகிறது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முதல் எண்ணும் எழுத்தும் வரை முறைகள் எல்லாம் ஒரே பற்றாக்குறையைச் சமாளிக்க வந்தவை. சட்டாம்பிள்ளை சக மாணவரின் உதவியைக் கொடுத்தான். செயல்வழிக் கற்றல் தன் வேகத்தில் படிக்கும் உரிமையைக் கொடுத்தது. எண்ணும் எழுத்தும் தன் நிலைக்கேற்ற பாடத்தைக் கொடுத்தது. மூன்றும் வேண்டும். புதிது வரும்போது பழையதைப் பரணில் போடும் வழக்கத்தால் நாம் நிறைய இழந்திருக்கிறோம். விட்ட படியிலிருந்து தொடரும் ஏணிப்படியை நிலைவாரிக் குழுக்களோடு இணைத்து, இடம்பெயரும் குடும்பங்கள் உள்ள ஒன்றியங்களிலாவது மீண்டும் கொண்டுவர வேண்டும்.

ஆனால் எந்த முறையும் ஆசிரியரின் நேரத்துக்கு மாற்றாகாது. 60 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் என்பது சட்டம் வைத்த கீழ்வரம்பு. அதையே மேல்வரம்பாகக் கொள்ளக் கூடாது. ஐந்து வகுப்பும் உள்ள பள்ளிக்கு, பிள்ளைகள் 30-ஐத் தாண்டினால் மூன்றாவது ஆசிரியர் வேண்டும். மலைக் குடியிருப்புப் பள்ளிகளில் அந்த ஊர்ப் பெண் ஒருவரையாவது துணைக் கற்பிப்பாளராக அமர்த்த வேண்டும். பதிவு வேலை வகுப்பு நேரத்துக்கு வெளியே போக வேண்டும். பயிற்சிக்கு ஆசிரியரை அழைக்கும் நாளில் மாற்று ஆள் அனுப்ப வேண்டும். எந்தத் துறையின் பள்ளியானாலும் காலிப்பணியிடம் ஒரு பருவத்துக்குள் நிரம்ப வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது ஒரு நாள் கூலி போனாலும் போய் உட்காருங்கள். சுவருக்கு வெள்ளையடித்ததையும் கழிப்பறைக்குத் தண்ணீர் வந்ததையும் கேட்டு முடித்த பிறகு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: “எங்கள் பிள்ளை தனியாக வாசித்ததைக் கடைசியாக என்றைக்குக் கேட்டீர்கள்? அப்படிக் கேட்க உங்களுக்கு நேரம் கிடைக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” முதல் கேள்விக்கு ஆசிரியர் பதில் சொல்லட்டும். இரண்டாவதற்கு ஊரும் அரசும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்.